எல்லையோரக் கடன் சுமை: கிராமப் பஞ்சாயத்தால் என்ன செய்ய முடியும்?

புது தில்லி: நாட்டிலேயே வறுமை மிகக் குறைந்த மாநிலம் கேரளம். நீதி ஆயோக் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி, 2019-21-ம் ஆண்டுகளில் அம்மாநில மக்களில் வறியவர்கள் 0.55 சதவீதம் மட்டுமே. ஆனால், ஏறத்தாழ அதே காலகட்டத்தில் எடுக்கப்பட்ட மற்றொரு கணக்கு வேறு விதமாகப் பேசுகிறது. தேசிய மாதிரி ஆய்வின் 77-வது சுற்றின்படி, 2019-ல் கேரள விவசாயக் குடும்பம் ஒன்றின் சராசரிக் கடன் ரூ.2.42 லட்சம். ஆந்திரத்துக்கு (ரூ.2.45 லட்சம்) அடுத்தபடியாக நாட்டிலேயே இரண்டாவது இடம். தேசிய சராசரி ரூ.74 ஆயிரம்தான். கேரள விவசாயக் குடும்பங்களில் 100-க்கு 70 கடனில் இருந்தன.

வறுமை இல்லை, ஆனால் கடன் இருக்கிறது. இந்த முரண்பாட்டின் சுமையை அன்றாடம் தாங்கி நிற்கும் பகுதிகளில் ஒன்று, பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். சித்தூர் வட்டத்தில், வடகரப்பதி கிராமப் பஞ்சாயத்தில் அமைந்துள்ள வேலந்தாவளம் அத்தகைய எல்லையோர ஊர். கோவை மாவட்டத்தைத் தொட்டபடி இருக்கும் இவ்வூரைப் பெரும்பாலோர் அறிந்திருப்பது சோதனைச் சாவடியின் பெயரால்தான். வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை ஆகிய பஞ்சாயத்துகளில் தமிழ் பேசும் மக்கள் கணிசமாக வாழ்கின்றனர்.

கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் பசுமை இங்கு இல்லை. மலையின் மழை மறைவுப் பகுதி இது. பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி வந்து சேரும் நீரை நம்பியும், ஆழ்குழாய்க் கிணறுகளை நம்பியும் வேளாண்மை நடக்கிறது. மூலத்தறை வலதுகரைக் கால்வாயை வேலந்தாவளம் பகுதி வரை நீட்டிக்க வேண்டும் என்பது இங்குள்ள விவசாயிகளின் நீண்ட காலக் கோரிக்கை. மழை பொய்த்தால் தென்னை காய்கிறது. கிணறு வற்றினால் மீண்டும் துளையிடக் கடன். மருத்துவச் செலவுக்குக் கடன்; மகளின் திருமணத்துக்குக் கடன்; பழைய கடனின் தவணையைக் கட்டப் புதிய கடன்.

இத்தகைய குடும்பம் ஒன்று நெருக்கடியில் சிக்கும்போது, அதற்கு மிக அருகில் இருக்கும் அரசு அலுவலகம் எது? வங்கி அல்ல, மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் அல்ல. கிராமப் பஞ்சாயத்து அலுவலகம்தான். 2025 டிசம்பரில் நடைபெற்ற தேர்தலுக்குப் பின் கேரள உள்ளாட்சி அமைப்புகளில் புதிய உறுப்பினர்கள் பொறுப்பேற்றுள்ளனர். அவர்களால் கடனில் தவிக்கும் குடும்பங்களுக்கு உண்மையில் என்ன செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்ற கேள்வி இப்போது முக்கியத்துவம் பெறுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?: 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம், பஞ்சாயத்துகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 துறைகளை 11-வது அட்டவணையில் பட்டியலிட்டது. அவற்றில் 16-வது, வறுமை ஒழிப்பு. கடன், வட்டி, கந்துவட்டி ஆகிய சொற்கள் அந்தப் பட்டியலில் இல்லை. வட்டித் தொழிலை ஒழுங்குபடுத்துவது மாநிலத்தின் பொறுப்பு. வங்கிகளையும் வங்கிசாரா நிதி நிறுவனங்களையும் கண்காணிப்பது ரிசர்வ் வங்கியின் பொறுப்பு. ஆக, கடன் கொடுத்தவரைத் தட்டிக் கேட்கும் அதிகாரம் பஞ்சாயத்துக்கு இல்லை. கடன்பட்டவரைத் தாங்கிப் பிடிக்கும் வாய்ப்பு மட்டுமே அதற்கு உண்டு.

கேரளத்தில் அந்த வாய்ப்பு பிற மாநிலங்களைவிட அதிகம். 1996-ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் மூலம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க அப்போதைய இடதுசாரி அரசு முடிவெடுத்தது. 1998-ல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ அமைப்பு, பஞ்சாயத்துடன் இணைந்தே இயங்குகிறது. அடித்தளத்தில் 10 முதல் 20 பெண்களைக் கொண்ட அயல்கூட்டம். வார்டு அளவில் பகுதி வளர்ச்சிச் சங்கம். பஞ்சாயத்து அளவில் சமூக வளர்ச்சிச் சங்கம் என மூன்று அடுக்குகள். மாநிலம் முழுவதும் சுமார் 3 லட்சம் அயல்கூட்டங்களில் 45 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் உறுப்பினர்களாக உள்ளனர்.

வட்டிக்கு எதிராக முல்லை: தனியார் வட்டிக்காரர்களுக்கு மாற்றாக அரசு கொண்டுவந்த திட்டம் ஒன்று பாலக்காடு மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கப்பட்டது. "முற்றத்தெ முல்லை" என்ற பெயரிலான அத்திட்டத்தை 2018 ஜூனில் மண்ணார்க்காட்டில் முதல்வர் பினராயி விஜயன் தொடங்கி வைத்தார். கூட்டுறவுச் சங்கம் 9 சதவீத வட்டியில் அயல்கூட்டத்துக்குப் பணம் தரும். அயல்கூட்டம் அதனை 12 சதவீத வட்டியில் உறுப்பினர்களுக்கு வழங்கி, வாரந்தோறும் வீட்டு வாசலிலேயே வசூலிக்கும். வித்தியாசத் தொகை, வசூல் பணியை ஏற்கும் பெண்களுக்கு. தொடக்கத்தில் ரூ.1,000 முதல் ரூ.25,000 வரை கடன் வழங்கப்பட்டது.

வட்டிக்காரரை மக்கள் நாடுவது வட்டியை அறியாமல் அல்ல. அவர் வீட்டுக்கே வருகிறார், பத்திரம் கேட்பதில்லை, கேட்ட அன்றே பணம் தருகிறார். அந்த மூன்று வசதிகளையும் எடுத்துக்கொண்டு, வட்டியை மட்டும் குறைத்ததே இத்திட்டத்தின் சிறப்பு.

கணக்கைப் பார்த்தால் வேறுபாடு புரியும். தண்டல் முறையில் ரூ.10 ஆயிரத்துக்கு ரூ.1,500-ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு ரூ.8,500 கொடுத்து, நாளொன்றுக்கு ரூ.100 வீதம் 100 நாள் வசூலிப்பதாக வைத்துக்கொண்டால், ஆண்டு வட்டி 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. மாதம் நூற்றுக்குப் பத்து என்றால் ஆண்டுக்கு 120 சதவீதம். முல்லைத் திட்டத்தில் ரூ.25 ஆயிரம் வாங்குபவர் 52 வாரங்களில் திருப்பித் தர வேண்டியது ரூ.28 ஆயிரம், வாரம் சுமார் ரூ.540. அசல் வாரந்தோறும் குறைந்துவருவதால் உண்மையான வட்டி விகிதம் 12 சதவீதத்தைவிட அதிகம், ஏறத்தாழ இரு மடங்கை நெருங்கும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் தண்டலுடன் ஒப்பிட்டால் அது மிகக் குறைவே.

பட்டியலில் இல்லாத கடன்: உள்ளாட்சிகள் வாயிலாகக் கேரளம் எடுத்த மிகப் பெரிய முயற்சி, அதிதீவிர வறுமை ஒழிப்புத் திட்டம். 2021-ல் தொடங்கிய கணக்கெடுப்பில் வார்டு வாரியாக விவரம் திரட்டி, கிராம சபைகளின் ஒப்புதலுடன் 64,006 குடும்பங்கள் அடையாளம் காணப்பட்டன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக ஒரு சிறு திட்டம் வகுக்கப்பட்டது. ரேஷன் அட்டை, ஆதார் போன்ற ஆவணங்கள் இல்லாதவர்களுக்கு முதலில் அவை பெற்றுத் தரப்பட்டன. பிறகு மருந்து, உணவு, வீடு, தொழில் என்ற வரிசையில் உதவிகள் சென்றன. 2025 நவம்பர் 1-ல், அதிதீவிர வறுமை இல்லாத மாநிலமாகக் கேரளத்தை முதல்வர் பேரவையில் அறிவித்தார். இது வெறும் விளம்பரம் என்று கூறி காங்கிரஸ் தலைமையிலான எதிர்க்கட்சிகள் கூட்டத்தைப் புறக்கணித்தன. கணக்கெடுப்பு முறை குறித்துப் பொருளாதார அறிஞர்கள் சிலரும் கேள்வி எழுப்பினர்.

அரசியல் சர்ச்சை ஒருபுறம் இருக்க, எல்லையோரப் பகுதிகளின் கோணத்தில் பார்த்தால் வேறொரு குறை தெரிகிறது. உணவு, உடல்நலம், வீடு, வருமானம் ஆகிய நான்குமே அத்திட்டத்தின் அளவுகோல்கள். கடன் அதில் தனி அளவுகோல் அல்ல. சொந்த வீடும் அன்றாடக் கூலியும் உள்ள, ஆனால் அந்தக் கூலியில் பெரும்பகுதியை நான்கு இடங்களில் தவணையாகச் செலுத்தும் குடும்பம் அந்தப் பட்டியலில் எளிதில் இடம்பெறாது. வறுமைக் குறியீட்டில் 0.55 சதவீதமும், கடன் கணக்கில் இரண்டாம் இடமும் ஒரே மாநிலத்தில் நிலவுவதற்கு இதுவும் ஒரு விளக்கம்.

குடும்பம் வாரியாகத் திட்டம் வகுக்கும் அனுபவம் பஞ்சாயத்துகளுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அதே முறையில், யாரிடம் எவ்வளவு கடன், எந்தச் சொத்தின் மேல், என்ன வட்டிக்கு என்ற விவரத்தை அயல்கூட்டம் வாயிலாக, குடும்பத்தின் விருப்பத்துடன் ரகசியமாகத் திரட்டினால், உதவி தேவைப்படும் வீடுகளை முன்கூட்டியே கண்டறிய முடியும்.

நெதர்லாந்தின் வழி: இதனைச் சட்டக் கடமையாகவே ஆக்கியுள்ள நாடு நெதர்லாந்து. அங்கு 2012 முதல், கடனில் சிக்கிய குடிமக்களுக்கு ஆலோசனை வழங்குவது நகராட்சிகளின் பொறுப்பு. உதவி கோரியவரை நான்கு வாரங்களுக்குள் சந்திக்க வேண்டும். வீட்டை இழக்கும் நிலை, மின்சாரம் துண்டிக்கப்படும் நிலை போன்ற அவசரங்களில் மூன்று வேலை நாள்களுக்குள். 2021 முதல் மின்சாரம், குடிநீர், வீட்டு வாடகை, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றில் நிலுவை ஏற்பட்டால், அந்த நிறுவனங்கள் நகராட்சிக்குத் தகவல் தருகின்றன. நகராட்சி ஊழியர் தாமாகவே அக்குடும்பத்தைத் தேடிச் செல்கிறார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே முதல், கடன் ஆலோசகர் வாயிலாக விண்ணப்பிப்பவருக்கு 60 நாள் அவகாசம் அளிக்கப்படுகிறது. அக்காலத்தில் பெரும்பாலான கடன்களுக்கு வட்டி ஏறாது. வசூல் நடவடிக்கையும் கூடாது.

அந்நாடுகளின் வசதி வேலந்தாவளத்தில் இல்லை. ஆனால், அங்கு நகராட்சி ஊழியர் தேடிச் சென்று அறிய வேண்டியதை, இங்கு அயல்கூட்டத்தில் வாரந்தோறும் கூடும் பெண்கள் முன்பே அறிந்திருப்பார்கள். அந்த அறிவைப் பஞ்சாயத்து அலுவலகம் பயன்படுத்துகிறதா என்பதே கேள்வி.

குழுக் கடன் யார் கையில்?: தனிநபர் வட்டிக்காரர்களைவிட அண்மைக் காலத்தில் கிராமங்களில் அதிகம் பேசப்படுவது நுண்கடன் நிறுவனங்களின் குழுக் கடன். இவற்றை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் கொண்டுவரும் முயற்சி தோல்வியடைந்தது. 2012 மே மாதம் மக்களவையில் அறிமுகமான நுண்நிதி நிறுவனங்கள் மசோதா, 2014-ல் நிதித் துறை நிலைக்குழு ஏற்காததால் காலாவதியானது.

அதற்கு முன்பே, 2010 அக்டோபரில் ஆந்திர அரசு பிறப்பித்த அவசரச் சட்டம் உள்ளாட்சிக்கு ஒரு பங்கை அளித்திருந்தது. நுண்கடன் தவணைகளை வீடு வீடாகச் சென்று வசூலிக்காமல், கிராமப் பஞ்சாயத்து அலுவலகத்திலோ ஆட்சியர் குறிப்பிடும் பொது இடத்திலோதான் வசூலிக்க வேண்டும் என்றது அது. பெண்கள் வீட்டு வாசலில் அவமானப்படுவதைத் தடுப்பதே நோக்கம். ஆனால், அந்தப் பாதை பின்னர் அடைபட்டது. ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்குக் கேரள வட்டிக்காரர்கள் சட்டம் பொருந்தாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனைப் பின்பற்றி, ஆந்திரச் சட்டமும் அத்தகைய நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்று 2023 பிப்ரவரியில் தெலங்கானா உயர் நீதிமன்றம் கூறியது.

எனவே பதிவு பெற்ற நிறுவனங்களைப் பொருத்தவரை, ரிசர்வ் வங்கியின் விதிகளே முதன்மையான பாதுகாப்பு. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அந்த விதிகள் வலுவானவையே. ஆண்டு வருமானம் ரூ.3 லட்சம் வரை உள்ள குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ கடன்தாரரை அழைக்கக் கூடாது. இருதரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் வசூல். கடன்தாரர் தொடர்ந்து இரு முறை அங்கு வராவிட்டால் மட்டுமே வீட்டுக்குச் செல்லலாம். மிரட்டலும் வசைச்சொல்லும் கூடாது.

இவ்விதிகளைப் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைப்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. வசூலுக்கான பொது இடமாகப் பஞ்சாயத்துக் கூடத்தைத் தர முன்வருவதற்கும் தடையில்லை. விதி மீறப்பட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்குப் புகார் எழுதித் தருவதும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பின்றி இலவசமாகக் கிடைக்கும் சட்ட உதவிக்கு வழிகாட்டுவதும் பஞ்சாயத்தால் இயலும்.

இரண்டு மாநிலம், இரண்டு சட்டம்: பதிவு பெறாத வட்டிக்காரர்களின் விஷயம் வேறு. அதிக வட்டி வசூலைத் தடுக்கத் தமிழகம் 2003-லும் கேரளம் 2012-லும் தனித்தனிச் சட்டங்கள் இயற்றின. 2014 மே மாதம் திருவனந்தபுரத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் கடன் தொல்லையால் உயிர் துறந்ததை அடுத்து, "ஆபரேஷன் குபேரா" என்ற பெயரில் கேரளப் போலீஸார் மாநிலம் தழுவிய சோதனை நடத்தினர். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது தமிழகத்தை உலுக்கியது. 2025-ல் கர்நாடகமும் தமிழகமும் கட்டாய வசூலுக்கு எதிராகப் புதிய சட்டங்களைக் கொண்டுவந்தன.

எல்லையோரத்தில் சிக்கல் இங்குதான். கடன்பட்டவர் ஒரு மாநிலத்திலும், கொடுத்தவர் மறு மாநிலத்திலும் இருக்கும்போது, புகார் எந்தக் காவல் நிலையத்துக்குச் செல்ல வேண்டும் என்பதே சாமானியருக்குக் குழப்பம். இரு பக்கத்துப் பஞ்சாயத்துகளும் காவல் நிலையங்களும் குறிப்பிட்ட கால இடைவெளியில் கூடிப் பேசும் ஏற்பாடு இருந்தால் இக்குழப்பம் குறையும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இரு மாவட்ட நிர்வாகங்களின் இசைவு போதும்.

மொழியும் ஒரு தடை. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்தவும் பதில் பெறவும் உரிமை அளிக்கிறது. அந்த உரிமை, கடன் பத்திரத்தையும் ஜப்தி நோட்டீஸையும் படித்து விளக்கிச் சொல்லும் உதவியாகப் பஞ்சாயத்து வாசலில் கிடைத்தால்தான் பயன் உண்டு.

தில்லியின் பங்கு: பஞ்சாயத்தின் கைகளைக் கட்டிப் போடும் முடிவுகள் பல தலைநகரில் எடுக்கப்படுகின்றன. 15-வது நிதிக் குழுவின் 2021-26 பரிந்துரையில், ஊரக உள்ளாட்சிகளுக்கான மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது. எஞ்சிய 40 சதவீதத்தை உள்ளூர்த் தேவைகளுக்குச் செலவிட முடிந்தது. ஆனால் சம்பளம், நிர்வாகச் செலவுகளுக்குப் பயன்படுத்த அனுமதி இருக்கவில்லை. கடன் ஆலோசகர் ஒருவரை நியமிக்க அதில் இடமிருக்கவில்லை.

முதியோர் ஓய்வூதியம் மற்றோர் எடுத்துக்காட்டு. கேரளத்தில் விண்ணப்பத்தைப் பெற்று, சரிபார்த்து, ஒப்புதல் தருவது கிராமப் பஞ்சாயத்து. மாநில அரசு 2025 நவம்பர் முதல் மாதத் தொகையை ரூ.1,600-லிருந்து ரூ.2,000 ஆக உயர்த்தியது. தேசிய சமூக உதவித் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரையிலான முதியோருக்கு மத்திய அரசின் பங்கு மாதம் ரூ.200 மட்டுமே. சுமார் இருபது ஆண்டுகளாக இத்தொகை மாறவில்லை. இதனை உயர்த்துமாறு ஊரக வளர்ச்சித் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு பலமுறை வலியுறுத்தியும் பலன் இல்லை.

மாநிலமும் பழியிலிருந்து தப்ப முடியாது. 2023-ன் இறுதியில் ஓய்வூதியம் பல மாதங்கள் நிலுவையில் இருந்தபோது, இடுக்கி மாவட்டம் அடிமாலியில் இரு மூதாட்டிகள் பிச்சைச் சட்டி ஏந்தித் தெருவில் இறங்கினர். மத்திய அரசின் கடன் வரம்புக் கட்டுப்பாடே காரணம் என்றது கேரளம். உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் தொடர்ந்தது. 2024 ஏப்ரலில் அவ்வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு மாற்றப்பட்டது. மத்திய, மாநில அரசுகள் கடன் வரம்பு குறித்து வாதாடிய அந்த மாதங்களில், மருந்துக் கடையில் கடன் சொன்னவர்கள் அந்த முதியவர்கள்தான்.

ஊரக வேலை உறுதித் திட்டமும் மாற்றத்துக்கு உள்ளாகியுள்ளது. 2005-ம் ஆண்டுச் சட்டம், பணிகளின் மதிப்பில் குறைந்தது பாதியைக் கிராமப் பஞ்சாயத்துகளே நிறைவேற்ற வேண்டும் என்றது. அதற்கு மாற்றாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 125 நாள் வேலையை உறுதியளிக்கிறது. அதேவேளையில், பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 சதவீதத்தை ஏற்க வேண்டும். வேளாண் பணிகள் மிகுந்த காலத்தில் 60 நாள் வரை வேலை நிறுத்தி வைக்கப்படலாம். எதிர்க்கட்சிகள் இதனைக் கடுமையாக எதிர்த்தன. கூலி தாமதமானால் அந்த இடைவெளியை நிரப்புவது வட்டிக்காரரின் பணம் என்பதால், கடனுக்கும் இச்சட்டத்துக்கும் உள்ள தொடர்பு நேரடியானது.

செய்யக் கூடியவை: பெரும் நிதி இல்லாமலேயே பஞ்சாயத்துகள் தொடங்கக் கூடியவை சில உண்டு. கேரளத்தில் கிராம சபை மூன்று மாதங்களுக்கு ஒரு முறை கூட வேண்டும். அதில் பயனாளிகள் பட்டியலோடு கடன் பாதுகாப்பு விதிகளையும் ஒரு பொருளாக வைக்கலாம். வாரத்தில் ஒரு நாள், கூட்டுறவுச் சங்கம், வங்கி நிதி எழுத்தறிவு மையம், சட்டப் பணிகள் குழு ஆகியவற்றின் பிரதிநிதிகளைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரே மேசையில் அமர்த்தலாம். ஓய்வூதியம், வீட்டு வசதி, மருத்துவ உதவி என உரிமையாகக் கிடைக்க வேண்டியவை விடுபட்ட குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதித் தரலாம். மாதம் ரூ.2,000 வர வேண்டிய வீட்டுக்கு அது வந்து சேர்ந்தால், அந்த அளவுக்குக் கடன் வாங்கும் தேவை குறையும்.

அதிகாரம் குறைந்த பஞ்சாயத்துகளும் துணிந்து நின்றதற்கு இதே சித்தூர் வட்டத்தில் முன்னுதாரணம் உண்டு. நிலத்தடி நீர் பறிபோவதாக மக்கள் முறையிட்டதை அடுத்து, 2003-ல் பிளாச்சிமடை குளிர்பான ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது பெருமாட்டிப் பஞ்சாயத்து. ஒரு பன்னாட்டு நிறுவனத்தை எதிர்த்து ஒரு கிராமப் பஞ்சாயத்து நீதிமன்றப் படியேறியதை நாடே கவனித்தது.

கடன் பிரச்சினையில் அத்தகைய ஆரவாரம் இருக்காது. அவமானம் கருதிப் பெரும்பாலோர் வெளியில் சொல்வதில்லை. விபரீதம் நடந்த பிறகே ஊருக்குத் தெரிகிறது. அதற்கு முன்பே சென்று கதவைத் தட்டும் கடமையை உள்ளாட்சிகளுக்குச் சட்டப்படி அளித்து, அதற்கான நிதியையும் ஒதுக்குவது குறித்து மத்திய, மாநில அரசுகள் முடிவெடுக்க வேண்டும். அதுவரை, அலுவலகப் பலகையில் ஓர் அறிவிப்பையும், வாரத்துக்கு ஒரு நாள் ஒரு மேசையையும் வைப்பதற்குப் புதிதாகப் பொறுப்பேற்றுள்ள உறுப்பினர்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.